பேர் போடுதல்

ஜெலி செய்கிற கடற்பாசிதான்.
அட்டன் கடையில் பதினெட்டுப் பைக்கட்டு வாங்கி வந்தாள் நிவேந்தி,
கூடவே சூப்புக் கட்டிகள்.
நான் சிரித்துவிட்டேன்.
டிக்கோயா ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருசமாகக்
கிருமி வளர்க்கிறேன்,
ஒருநாளும் அதற்கு உப்புப் பார்த்ததில்லை.

"வர்ணம் வேண்டாம், கைகள் போதும்" என்றாள்.
மூடிக் கிடந்த பெக்டரியின் மேல்மாடியில்
கொழுந்து வாடப்போட்ட நீளத் தொட்டிகள்மேல்
கண்ணாடித் தட்டுகள், கீழிருந்து வெளிச்சம்.
தட்டுக்கு ஒரு கை,
அது தானாக வளர்ந்து வர வேண்டும்.

மூணாம் நம்பர் மலையிலிருந்து வந்தார்கள்
நிறுவை முடிந்த கையோடு.
அமராவதிதான் முதலில் கேட்டாள்:
"இதுக்குப் பேர் போடுவீங்களா?"
நிவேந்தி கொழும்பில் வளர்ந்தவள்.
"கட்டாயம். தட்டுக்குக் கீழே எல்லார் பேரும் இருக்கும்."
சனம் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

இங்கே பேர் என்றால் ஒருநாள் சம்பளம் என்று
நான்தான் சொல்லவேண்டியிருந்தது.
கிலோ குறைந்தால் அரைப் பேர்.
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.
பிறகு கொப்பியைத் திறந்து எழுதினாள்:
ஒரு கைக்கு ஒரு பேர். முழுசாக.

நாற்பத்தொரு கைகள்.
அழுத்தினால் உடையும், பட்டும் படாமலும் வையுங்கள் என்றேன்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில்
வைப்பதுபோல் வைத்தார்கள்.

மார்கழி. அந்தக் குளிரில் கிருமியும் போர்வை கேட்கும்.
கோழிக்குஞ்சுப் பெட்டிகளை இரவல் வாங்கி
உள்ளே பல்ப் எரியவிட்டோம்.
மூன்றாம் நாள் விடியும்போது
அமராவதியின் பெருவிரல்
மஞ்சளாகப் பொரிந்திருந்தது.
ஞானசௌந்தரியின் உள்ளங்கையில் இளஞ்சிவப்பு,
காம்பு கிள்ளிக் கிள்ளி வெடித்த இடம்
கறுப்புக் கோடாய் அப்படியே.
ஒன்று மட்டும் விரலைத் தாண்டி, தட்டைத் தாண்டி,
மூடிவரை ஏறியிருந்தது.
யாருடையது என்று பார்த்தால், கணக்கப்பிள்ளை.

சன்னாசியின் தட்டில் ஒன்றுமில்லை.
நாலாம் நாளும். ஆறாம் நாளும்.
தெளிந்த பாசி. அதில் லேசாக
ஐந்து விரல் அமுங்கிய பள்ளம்.

திறப்புவிழாவுக்குப் பனி உள்ளேயே வந்துவிட்டது.
தொப்பியைக் கழற்றிவிட்டு
தட்டுத் தட்டாகக் குனிந்து பார்த்தார் துரை.
அதனருகில் நின்றார்.
"இதுதான் ஆகச் சுத்தமான கை."
எல்லாரும் கைதட்டினார்கள்.
சன்னாசி தட்டவில்லை,
கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு
கொஞ்சமாகச் சிரித்தார்.

இருபத்திரண்டு வருசம் மருந்தடிக்கிறவர்.
கொழுந்தில் கொப்புளம் விழாமலிருக்கச்
செம்பு கரைத்த நீலத் தண்ணீர், முதுகில் டாங்கி.
நகக்கண் எல்லாம் பச்சை.
நான் சொல்லியிருக்கலாம்.
சவர்க்காரமாகவும் இருக்கலாம் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
கேக் சாப்பிட்டேன்.

பதினோராம் நாள் எல்லாவற்றையும் அவிக்க வேண்டும்.
அது என் வேலை, அதற்குத்தான் என்னைப் பிடித்தாள்.
நூற்றிருபத்தொரு பாகை, பதினைந்து நிமிடம்.
ஆஸ்பத்திரிப் பின்கட்டு முழுக்கச் சூப்பு வாசம்.
ஒரு நாய் வந்து நின்றது.
வாசலில் நின்றபடி நிவேந்தி அழுதாளா,
மூக்கைத்தான் பொத்திக்கொண்டாளா, தெரியவில்லை.
பதிவேட்டில் எழுதினேன்: அழித்தவை 41.
ஒன்றில் அழிக்க ஒன்றுமிருக்கவில்லை,
என்றாலும் அதையும் கணக்கில் சேர்த்தேன்.

மாசி மாதம், புதன்கிழமை கிளினிக்.
வரிசையில் பன்னிரண்டாவது துண்டு.
ரப்பர் நாடாவை இழுத்துக் கட்டி
நரம்பு தேடும்போதுதான் விரல்களைக் கண்டேன்.
முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.
ஊசி எடுத்தபடி, எல்லாரிடமும் கேட்பதுபோல்,
"பேர்?" என்றேன்.

"நீங்கதானே தம்பி அன்னைக்கு
எழுதி ஒட்டினீங்க" என்றார்.